கால் அளவு

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகு ஒட்ட நிற்கச் சொன்னார் கடைத் தம்பி. கையில் கெட்டி அட்டை போட்ட ஒரு பழைய கணக்குப் பேரேடு. "இத ரெண்டு காலுக்கும் நடுவுல வெச்சு, சீட்ல உக்கார்ற மாதிரி நல்லா மேல இழுத்துப் பிடிங்க சார். எலும்புல போய் முட்டணும்." பக்கத்தில் இரண்டு பேர் ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 48 வயதில் பேரேட்டை இடுக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி நின்றேன்.

பேரேட்டின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சில் கோடு போட்டார். தரையிலிருந்து டேப் பிடித்தார். 79.5 சென்டிமீட்டர். இதைத்தான் இன்ஸீம் என்கிறார்கள். டெய்லர் பேண்டுக்கு எடுக்கும் உள்கால் அளவு இதைவிடக் குறையும். அவர் மரியாதை கருதி இரண்டு அங்குலம் கீழேயே நிறுத்திக்கொள்வார். சைக்கிளுக்காக என்னை ஒருவர் அளந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் தெருவில் யாரும் தன் அளவு சைக்கிளில் ஓட்டப் பழகியதில்லை. வீட்டில் இருந்தது அப்பாவின் 24 இஞ்ச் சைக்கிள். கறுப்பு நிறம், அகலக் கேரியர், பார் என் நெஞ்சுக்கு வரும். சீட்டில் ஏறி உட்காரும் பேச்சே கிடையாது. இடது கையில் ஹேண்டில்பார், வலது அக்குளில் சீட்டு, பாருக்கு அடியில் இருக்கும் முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலைத் தேடி மிதிக்க வேண்டும். குரங்கு பெடல். வண்டி ஒரு பக்கம் சாய, உடம்பு மறுபக்கம் சாயும். முழுச் சுற்று வராது. அரைச் சுற்று மிதித்து, பின்னால் தள்ளி, மறுபடி அரைச் சுற்று. அதில் தேறியவன் பாருக்கு மேல் கால் போட்டு இடுப்பை இடமும் வலமும் ஆட்டி மிதிப்பான். சீட்டு அதற்கும் அப்புறம். சட்டை, செருப்பு, பள்ளிக்கூடப் பை எல்லாமே அப்படித்தான் வந்தன. "வளர்ற புள்ள" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவார்கள்; வளர்ந்து அதற்குள் போய்ச் சேர வேண்டியது நம் வேலை.

அந்தப் புத்தியோடுதான் ஆறு வருடம் முன்பு முதல் ரோடு பைக்கை வாங்கினேன். போன வருட மாடல், கடையில் கடைசி ஒன்று, விலையில் கால் பங்கு தள்ளுபடி. ஃபிரேம் சைஸ் 56. என் உயரம் 168 சென்டிமீட்டர். "சீட்ட இறக்கிக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். அது வேறு கடை.

சீட்டை இறக்கினேன். விடியற்காலை ஐந்துக்குத் திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் கிளம்பினால் முட்டுக்காடு பாலத்துக்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கோவளம் டீக்கடையில் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பேன். உள்ளங்கை ஓரமாக ஓடும் அல்னார் நரம்பு நசுங்குவதால் வரும் மரப்பு அது; சைக்கிள்காரர்களின் வாதம் என்றே மருத்துவத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. எட்டாத ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தால் பிட்டத்தில் இருக்கவேண்டிய பாரம் கைக்கு வந்துவிடுகிறது. அப்போது எனக்கு அது தெரியாது. ஜெல் வைத்த க்ளவுஸ் வாங்கினேன். தடித்த பார் டேப் சுற்றினேன். குட்டை ஸ்டெம் போட்டேன். வண்டி தொட்டதற்கெல்லாம் திரும்ப ஆரம்பித்தது. ஒன்றரை வருடம். பழகிவிடும் என்று நம்பினேன். குரங்கு பெடலே பழகியவனுக்கு இது எம்மாத்திரம்?

பிறகு விற்றேன், பாதி விலைக்கு. வாங்கியவர் ஆறடி. ஏறி உட்கார்ந்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் அந்த வண்டியில் குறை எதுவும் இருந்ததில்லை என்று புரிந்தது.

ரோடு பைக் சைஸ் என்பதே குழப்பம் பிடித்த சமாச்சாரம். முன்பெல்லாம் பார் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். சீட்டுக் குழாயின் நீளம்தான் சைஸ். 1990களின் பின்பகுதியில் மைக் பர்ரோஸ் என்ற இங்கிலாந்துக்காரர் ஜெயண்ட் கம்பெனிக்காக வடிவமைத்த டிசிஆர் வண்டியில் பார் பின்பக்கம் சரிந்தது. ஃபிரேம் சின்னதானது, எடை குறைந்தது, ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்றே சைஸில் ஊரையே அடக்கிவிடலாம் என்றானது. கம்பெனிக்கு லாபம்தான். ஆனால் 54 என்ற எண்ணுக்கு அதற்குப் பிறகு நிலையான பொருள் இல்லை. ஒரு கம்பெனியின் 54 இன்னொன்றின் 52ஆக இருக்கிறது. ரெடிமேட் சட்டையில் 40 போல.

அதனால் இப்போது விவரம் தெரிந்தவர்கள் இரண்டு எண்களைத்தான் கேட்கிறார்கள்: ஸ்டேக், ரீச். பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில் நுழையும் குழாயின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். பந்தய வண்டியில் ஸ்டேக் குறைவு, முதுகு நன்றாகக் குனியும். எண்டூரன்ஸ் என்று விற்கும் வண்டியில் ஸ்டேக் கூட, ரீச் குறைவு. என்னைப் போல நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பை வைத்தவர்களுக்கு இரண்டாவதுதான். கடையில் கண் போவதென்னவோ முதலாவதன் மேல். உயரத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. என் மைத்துனனும் 168 தான். அவனுக்குக் கால் குட்டை, உடம்பு நீளம். எனக்குச் சரியான வண்டியில் அவன் கூண்டுக்குள் அடைத்த மாதிரி உட்காருவான்.

கால் நீளத்துக்கு ஒரு காலத்தில் இதைவிட மதிப்பு இருந்தது. முன்சக்கரம் ஆளுயரம் நிற்கும் அந்தப் பழைய சைக்கிளில் செயின் கிடையாது, பெடல் சக்கரத்திலேயே இருக்கும். சக்கரம் பெரிதானால் வேகம் கூடும். ஆனால் கால் எட்டுகிற வரைதான் பெரிதாக முடியும். நெட்டைக்கால்காரன் பிறவியிலேயே வேகக்காரன். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளில் செயினை வைத்துப் பின்சக்கரத்தைச் சுழற்றினார், குட்டைக்கால்களுக்கு விடுதலை.

என் 79.5ஐ அந்தத் தம்பி 0.883ஆல் பெருக்கினார். 70.2. பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் அது. கிரெக் லெமோன்ட் பெயரில் வழங்கும் கணக்கு. 1989இல் டூர் டி பிரான்ஸை 8 விநாடியில் ஜெயித்தவர் அவர். 1967இல் ஹேம்லி, தாமஸ் என்ற இருவர் எழுதிய ஆய்விலிருந்து வந்த இன்னொரு கணக்கில், தாழ்ந்த நிலையில் உள்ள பெடலிலிருந்து சீட்டு வரை இன்ஸீமில் 109 சதவீதம் இருக்க வேண்டும். அதையும் போட்டார். இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். "இது ஆரம்பம்தான் சார். மீதிய உங்க முட்டி சொல்லும்." முழங்கால் முன்பக்கம் வலித்தால் சீட்டு இறங்கியிருக்கிறது, பின்பக்கம் இழுத்தால் ஏறியிருக்கிறது என்பது அவர் சொன்ன வைத்தியம்.

பிறகு அவர் எடுத்த கருவிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ரசமட்டம். தூக்குக் குண்டு. வீடு கட்டும்போது கொத்தனார் கையில் பார்த்தவை. சீட்டு முன்னே சரியாமல் மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் சொல்லும். பெடலை முன்னால் கிடைமட்டமாக நிறுத்தி முழங்காலிலிருந்து தூக்குக் குண்டை விட்டால் நூல் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும். இந்தக் குண்டு சாஸ்திரத்துக்கு ஆதாரமே இல்லை என்று சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் போன்ட்ரேகர் எழுதிப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் கடைகளில் குண்டு தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பேசர் வளையங்களை எடுத்துவிட்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க் குழாயை அறுத்துக் கொடுத்தால் வண்டி அழகாக இருக்கும் என்றார்கள். மூன்று மாதம் போகட்டும் என்றேன். குழாயை அறுத்தால் ஒட்ட முடியாது. எனக்கோ எந்த உயரம் ஒத்துக்கொள்ளும் என்று இன்னும் தெரியாது. சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸுக்கே கடைசிவரை தெரியவில்லை. 1969இல் பிளுவா நகரத்து ஓட்டத்தளத்தில் விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து, பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் அவர். அப்படி அவஸ்தைப்பட்ட ஆள்தான் 1972இல் மெக்சிகோவில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார்.

புது வண்டி வந்த வாரம் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். 79 வயது. வண்டியைச் சுற்றி வந்தார். ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன், அதற்கே உட்கார்ந்துவிட்டார்.

"செவுத்துல என்னடா கோடு?"

கடைத் தம்பி எடுத்த அளவு சரியா என்று வீட்டில் நானே ஒரு முறை பார்த்திருந்தேன். விளக்கினேன். "வாங்கப்பா, உங்களுக்கும் பாத்துடலாம்" என்று எழுப்பினேன். வேட்டியோடு புத்தகம் சரியாக நிற்கவில்லை. உத்தேசமாக 73 வந்தது. கோடு போட்டுவிட்டு யோசித்தேன். அந்த 24 இஞ்ச் சைக்கிளின் பார் தரையிலிருந்து 80க்கு மேல் இருக்கும்.

"உங்களுக்கு அந்த சைக்கிள் எட்டியே இருக்காதேப்பா."

"எட்டல" என்றார். பெரியப்பா வாங்கியது, அவர் நல்ல உயரம், மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனார். அதை அப்பா முப்பது வருடம் ஓட்டியிருக்கிறார்.

"வாசல்ல வேப்ப மரத்துக்குக் கீழ ஒரு கருங்கல் கெடந்துச்சே, எதுக்குன்னு நெனச்ச?"

அந்தக் கல்லின் மேல் ஒரு காலை வைத்துத்தான் தினமும் காலையில் ஏறுவார். அப்பாவின் வழக்கம் அது, தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைப் போல, என்றுதான் நினைத்திருந்தேன்.

"தாலுகா ஆபீஸ் வாசல்லயும் ஒண்ணு உருட்டிக் கொண்டாந்து போட்டு வெச்சிருந்தேன்" என்றார்.