படகில் ஏற்ற மறுத்தவருக்கு



ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா கற்றுத்தரும் உங்களுக்கு என்னைத் தெரியாது. என் மகனைத் தெரியும். மூக்கடைப்போடு வந்து நின்றவனைக் கடலுக்குள் கூட்டிப்போக மறுத்து, கட்டிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தீர்களே, அவன்தான். சென்னையிலிருந்து விமானம் ஏறி, போர்ட் பிளேரில் கப்பல் பிடித்து, ஆசையாக வந்தவனிடம் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வது எளிதல்ல. நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். நீங்கள் செய்த காரியத்தின் பெறுமதி எனக்குத் தெரியும். பிறரும் அறியட்டும் என்றே இதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

‘லேசான சளிதானே, விமானத்தில் வரவில்லையா?’ என்று உங்களிடம் வாதாடினானாம். விமானம் தரையிறங்கும்போது காதின்மேல் கூடும் அழுத்தம் மொத்தமும் சுமார் 2.5 மீட்டர் தண்ணீருக்குத்தான் சமம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிவிடும். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். அதை ஈடுகட்டப் புதுக் காற்று வரவேண்டிய வழி, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் சுமார் 3.5 சென்டிமீட்டர் குழாய். சளி பிடித்தால் அதன் உட்சவ்வு வீங்கி வழி அடைபடுகிறது. செவிப்பறை உள்ளே இழுபட்டு, நடுக்காதில் நீரும் இரத்தமும் கசியும். பறை கிழிந்து குளிர்ந்த கடல்நீர் புகுந்தால் தலை சுற்றி, எது மேல் எது கீழ் என்றே தெரியாமல் போகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலங்கொண்ட மட்டும் ஊதி, உட்காதின் மெல்லிய சவ்வையே கிழித்துக்கொள்பவர்களும் உண்டு. அப்படிப் போன செவித்திறன் சிலருக்குத் திரும்புவதே இல்லை.

உங்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு வந்தது அந்த ஸ்ப்ரே விஷயத்தில். மூக்கில் அடிக்கும் மருந்தை அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டியதும், ‘இது கீழே போக வழிவிடும், மேலே வரும்போது விடாது’ என்றீர்களாம். படித்தவர்களே கோட்டைவிடும் இடம் அது. ஆழத்தில் இருக்கும்போதே மருந்தின் வேகம் தணிந்து சவ்வு மறுபடி வீங்கலாம். காதிலும் நெற்றி எலும்பின் அறைகளிலும் அடைபட்ட காற்று, ஏற ஏற விரியும்; வெளியேற வழி இருக்காது. இறங்கும்போது வலித்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது வலித்தால் சற்றுக் கீழே போய், பொறுத்து, மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும். சிலிண்டரில் உள்ள காற்றோ குறைந்துகொண்டே வரும். நெஞ்சுச் சளி இன்னும் மோசம்: கோழைக்குப் பின்னால் சிக்கிய காற்று விரிந்து நுரையீரலையே கிழிக்கலாம், இரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம்.

அன்று உங்களுக்கு வருமானம் போயிற்று. நீங்கள் மறுத்தால் அவன் வேறு படகைத் தேடிப் போவான் என்று நினைத்திருப்பீர்கள்போல. அதனால்தான் வெறுமனே அனுப்பிவிடாமல், பக்கத்தில் உட்காரவைத்துப் புரியும்வரை சொல்லியிருக்கிறீர்கள். அதற்குத்தான் என் முதல் நன்றி. அவன் வேறெங்கும் போகவில்லை.

சளி முழுவதும் விட்டபிறகு மறுபடி வருவான், உங்களிடமே வருவான். அப்போதும் சளி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கூட்டிப்போங்கள்.


அவன் அம்மா