வயலில்லாத மலையிற் பொங்கல்

அப்புத்தளை ஒரு மலைமுதுகின்மேல் அமைந்த ஊர். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், இருபுறமும் சரிந்து செல்லும் ஒடுங்கிய மேட்டிலே கடைவீதியும் புகையிரத நிலையமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வீதியோரத்தில் நின்று தெற்கே நோக்கினால் நிலம் காலடியிலிருந்து நழுவி, வெகு ஆழத்திலே சமவெளியாய்ப் பரந்து கிடக்கும். வானம் தெளிந்த நாளில் அதற்கும் அப்பாற் கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். வடக்கே ஊவாவின் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்து நிற்கும். இத்தனை காட்சியையும் இரண்டு நிமிடத்துக்குள் மறைத்துவிட வல்லது பள்ளத்திலிருந்து ஏறிவரும் மூட்டம். வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும் ஐப்பசி முதல் தை வரைக்கும் இங்கே அதன் ஆட்சிதான். கதிரவன் இம்மலைக்கு ஓர் அருமையான விருந்தாளி. அக் கதிரவனுக்கு நன்றி செலுத்தும் திருநாளும் இந்த மாதத்திலேயே வருகின்றது.

பொங்கல் உழவர் திருநாள் என்பதை நம் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே படித்துவிடுகின்றனர். விளைந்ததற்கு நன்றி கூறும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையை இதற்கென ஒதுக்கி, 1941 ஆம் ஆண்டிற் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டனர். நமது அயலவராகிய சிங்கள உழவரோ புத்தரிசியின் முதற்பங்கைப் பன்சாலைக்குக் கொடுத்து, ‘அலுத் சகல் மங்கல்லய’ என்று அதனைக் கொண்டாடுகின்றனர். இவை யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. உழுதவனுக்கு ஒரு நிலமும், நிலத்தில் ஒரு விளைச்சலும் இருத்தல் வேண்டும்.

அப்புத்தளைத் தோட்டங்களிலே மலைச் சரிவெல்லாம் தேயிலை, நெல்வயலுக்கு இடமில்லை. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று தனியாக இல்லை. ஏழு முதற் பத்து நாளுக்கு ஒருமுறை ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் பருவமும் தை அன்று; ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசும் காலமே அது. அப்படியிருக்க, இம்மக்கள் எந்த விளைச்சலுக்காகப் பானை வைக்கின்றனர்?

இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். இம்மலைகளில் தேயிலை வருமுன் கோப்பி விளைந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிற் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் உறவினரைப் பலிகொடுத்து மலையேறியவர்கள், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவது வழக்கம். தம் ஊர் வயல்களில் நெல் அறுவடைக்கு ஆள் தேவைப்படும் காலத்துக்கு அவர்களிற் பலர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவர். பொங்கல் அங்கே இருந்தது; கூலி இங்கே இருந்தது.

1869 ஆம் ஆண்டளவிற் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னவையும் தம் உடைமையாக்கினார். 1893 இற் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. ஆண்டு முழுதும் துளிர்க்கும் தேயிலை ஆண்டு முழுதும் ஆள் கேட்டது. தைக்கு ஊர் போய்வரும் வழக்கம் அருகியது. மனிதர் பொங்கலிடம் போக முடியாமற் போகவே, பொங்கல் அவர்களைத் தேடி மலையேறிற்று என்றே நாம் கருதுகின்றோம்.

அதற்காகத் தேயிலையை அவர்கள் மறந்துவிட்டனர் என்று எண்ணலாகாது. தேயிலைக்கென்றே தனித் தெய்வங்களை உண்டாக்கிய மக்கள் இவர்கள். மலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குகையிற் கவ்வாத்துச்சாமிக்கு ஒரு வழிபாடு. கொழுந்து மலைக்குக் கொழுந்துச்சாமி. தொழிற்சாலையில் இயந்திரச் சக்கரத்துக்குக் காவலாய் ரோதைமுனி! வெள்ளைக்காரத் துரையின் இரும்புச் சக்கரத்தையும் ஒரு முனியின் பொறுப்பில் ஒப்படைத்த இந்த உள்ளத்தை என்னென்பது? ஒரு மரத்தடியிற் கல்லை நிறுத்தி, குங்குமம் இட்டு, தேங்காய் உடைப்பதோடு அவ்வழிபாடு முடிந்துவிடும். பொங்கலோ வேறு, அது சோற்றுக்குச் செய்வது.

சோற்றின் வரலாறும் கேட்கத் தக்கதே. தோட்டத்தில் அரிசி விளையாமையால் நிருவாகமே அதனை இறக்குமதியிலிருந்து வாங்கித் தொழிலாளருக்கு அளந்து கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. பல தலைமுறைகள் உண்டது கடல் கடந்து வந்த அரிசியே. உணவுப் பஞ்சம் கடுமையாயிருந்த 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அந்த அளவும் சுருங்கி, தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்நாளைச் சொல்லும் முதியவர்கள் இன்றும் அரிசியைக் கையில் அள்ளுவதில் ஒரு நிதானம் காட்டுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், தம்பேதன்னை வீதியை ஒட்டிய ஒரு தோட்டத்தில், எம்மிடம் படித்த மாணவன் ஒருவனின் அழைப்பின்பேரிற் பொங்கலைக் கண்டோம். முதல்நாளே லயங்களுக்குச் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது. பெண்கள் வாசலைச் சாணமிட்டு மெழுகிக்கொண்டிருந்தனர். சிறுவர் கரும்புக்கும் மஞ்சட்கொத்துக்கும் நகரத்துக்குப் போய், அங்கிருந்து பட்டாசுக் கட்டோடு திரும்பினர். விறகுக்குக் குறைவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை இங்கே ‘மிலாறு’ என்பர். மாதக்கணக்கிற் காயவைத்துக் கட்டிய மிலாறு ஒவ்வொரு இஸ்தோப்பின் ஓரத்திலும் அடுக்கியிருந்தது. வயலில்லாத ஊரிற் பொங்கலுக்கு வயற்பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் பானையின் கீழே எரிவது தேயிலைதான்!

விடியுமுன் ஐந்து மணிக்கெல்லாம் பீலியடியிற் கூட்டம். ஆறு மணியளவில் லயத்தின் நெடுகிலும் மூன்று மூன்று கல்லாக அடுப்புகள். ஒரு லயத்திற் பன்னிரண்டு காம்பராக்கள். எல்லார்க்கும் பொதுவாய் முன்னே ஒரு வாசல், வாசலின் ஓரத்தில் ஒரு கான். ஒருவர் அடுப்பின் புகை அடுத்தவர் கண்ணைக் கரிக்கும். கோலத்தின் ஒரு முனை அடுத்த வீட்டுக் கோலத்தோடு பின்னிக்கொள்ளும். ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு மூட்டவில்லை. சென்ற ஆண்டு அங்கே ஒரு சாவு. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொங்கல் இல்லாமற் போகாது. இருபுறத்து வீடுகளும் கொடுத்துவிடும் என்று மாணவன் கூறினான்.

மூட்டம் கலையவில்லை. கிழக்கு எது என்று எமக்கே ஐயம். பானைகள் ஒவ்வொன்றாய்ப் பொங்கி வழிந்தன. பட்டாசு மலையில் மோதி எதிரொலித்தது. எங்கும் வெண்புகையும் வெண்பனியும். சூரியனைக் காணோம். எனினும் எல்லோரும் ஒரே திசையை நோக்கிக் கைகுவித்தனர்.

கொழுந்தெடுத்தே முதுமை எய்திய பாட்டி ஒருத்தி எமக்கு வாழையிலையிற் பொங்கல் வைத்தாள்.

“பாட்டி, நெல்வயலைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டோம்.

“பஸ்ஸுல போறப்போ கீழ நாட்டுல பார்த்திருக்கேங்க மாஸ்டர். பச்சையா இருக்கும்.”

“அப்படியானால் யாருடைய விளைச்சலுக்கு நன்றி சொல்கிறீர்கள்?”

அவள் எம்மைச் சற்று வியப்போடு பார்த்தாள். “யாரு வெளைய வச்சாலும் திங்கிறது நாமதானுங்களே. சொல்லாம தின்னா எப்படி?”

மேற்கொண்டு எமக்குக் கேள்வி எழவில்லை. சர்க்கரையும் பாசிப்பயறும் கலந்த அந்தப் பொங்கலில் மிலாற்றுப் புகையின் மணம் சிறிது ஏறியிருந்தது. அது குற்றமன்று, சுவையே.

மறுநாள் மாட்டுப் பொங்கல். தோட்டத்துக் குடும்பங்களிற் பல ஒன்றிரண்டு பசுக்களை வளர்த்துப் பால் விற்கின்றன. உழவுமாடு இல்லை, ஆயினும் கொம்புக்கு வண்ணமும் கழுத்துக்கு மாலையும் உண்டு. அன்று மாலை அயலிலுள்ள சிங்களக் குடும்பமொன்றுக்கு ஒரு தூக்குப் பாத்திரத்திற் பொங்கல் போயிற்று. சித்திரையில் அதே பாத்திரம் பாற்சோற்றோடு திரும்பி வரும் என்றனர். மாசியிற் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து, அதன்பின் மாரியம்மன் திருவிழா என்று தோட்டத்துக் கொண்டாட்டங்கள் தொடரும். அவற்றைப் பற்றி எழுத இன்னொரு வாரம் வேண்டும்.

இம்மக்கள் யாருடைய மண்ணில் நின்று பொங்குகின்றனர் என்பதே நெடுங்காலம் தீராத வழக்காய் இருந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டது. எஞ்சியோர் பற்றி 1974 இல் மற்றுமோர் ஒப்பந்தம் எழுந்தது. தமக்கையை இங்கே விட்டுத் தம்பியும், மகளை இங்கே விட்டுத் தாயும் தலைமன்னாருக்கு ஏறிச் சென்ற புகைவண்டியை மலைநாட்டார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். போனவர்களிற் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலைக்கே சென்று சேர்ந்தனர். அங்கும் வயலில்லாத மலையில்தான் அவர்கள் பொங்கல். இங்கே எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது.

உரிமை வந்தது, காலடி மண் வரவில்லை. லயம் இருக்கும் நிலம் தோட்டத்துக்கு உரியது. அந்நிலமும் உறுதியானதன்று என்பதை 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தை காட்டியது. அப்புத்தளை மலைமுதுகின் தெற்குச் சரிவிலுள்ள பகுதி அது. மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்கடியிற் போனவர்களிற் பலரின் உடல்கள் வெளியே எடுக்கப்படவேயில்லை. எந்த மண்ணை மெழுகிக் கோலமிட்டனரோ, அதே மண். மழை விடாது பெய்யும் இரவுகளில் இத்தோட்டங்களில் இன்றும் பலர் விழித்தே இருக்கின்றனர். தையில் வெயில் கண்டால் அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச்சஸ் காணியும் அதில் தனிவீடும் என்ற திட்டம் சிற்சில தோட்டங்களில் நடைபெற்றுள்ளது. மத்திய, ஊவா மாகாணங்களில் இந்திய உதவியோடு 4,000 வீடுகளும் எழுந்தன. தேவையோடு ஒப்பிட்டால் இது சிறிது. இன்னும் லயத்திலேயே வாழ்வோர் எண்ணற்றோர். ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் நெல் விதைக்க முடியாது. இரண்டு வாழையும் ஒரு கறிவேப்பிலையும் வைக்கலாம்.

எம் மாணவனின் குடும்பமும் பின்னர் அத்தகைய வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தது. சென்ற ஆண்டு ஒரு வேலையாய் அவ்வழியே போனபோது அங்கே நுழைந்தோம். ஆனி மாதம், பொங்கலுக்கு நெடுநாள் இருந்தது. வாசலில், கிழக்கு நோக்கி, கரி படிந்த மூன்று கற்கள் மண்ணிற் பாதி புதைந்து நின்றன. லயத்தில் இருந்த காலத்திற் பொங்கல் முடிந்த அன்றே கற்களைத் தூக்கி ஓரமாய்ப் போடுவார்களாம்; அது எல்லாரும் நடக்கும் பாதை அல்லவா? இங்கே அவற்றை எடுக்கச் சொல்ல யாரும் இல்லை. அவனுடைய தாய் அவற்றைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.