டிரைவர் மேல் விழுந்த பழி

திங்கள், இரவு 9 மணி

உபுண்டு ஓடும் மடிக்கணினி. இணையம் ஈதர்நெட் கேபிளில் வருகிறது; அதை வைஃபை வழியாக இரண்டு கைபேசிகளுக்குப் பகிர வேண்டும். இந்த வேலைக்கான நிரல் ஹோஸ்ட்ஏபிடி. அமைப்புக் கோப்பில் கார்டின் பெயர், ஹாட்ஸ்பாட்டின் பெயர், சேனல், கடவுச்சொல் எல்லாம் எழுதி ஓடவிட்டதும், திரையில் கடைசி வரியாக நின்றது இது: ‘என்எல்80211 டிரைவர் இனிஷியலைசேஷன் ஃபெயில்டு’.

இந்த வரியைப் படித்ததும் வைஃபை கார்டின் டிரைவர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதை நீக்கி மறுபடி நிறுவப் போய், இருந்த இணைப்பையும் இழப்பவர்கள் உண்டு. வரி சொல்வது அந்த டிரைவரை அல்ல. பிரிசம் சில்லுகளுக்காக யொவ்னி மாலினென் எழுதிய ஹோஸ்ட்ஏபி டிரைவருக்குத் துணையாகப் பிறந்தது ஹோஸ்ட்ஏபிடி. பிறகு வேறு வகைக் கார்டுகளுக்கும் அது விரிந்தபோது, கர்னலோடு எந்த வழியில் பேசுவது என்ற தேர்வுக்கும் ‘டிரைவர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. என்எல்80211 என்பது அப்படி ஒரு வழி, கர்னலின் வயர்லெஸ் பகுதிக்குள் நுழையும் வாசல். வாசலில் கேட்டது கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அந்த வரியில் செய்தி ஏதும் இல்லை. காரணம் அதற்கு முந்தைய வரியில் இருக்கும்.

அன்றைய முந்தைய வரி: டபிள்யூலான்0 என்ற சாதனமே இல்லை. பழைய வழிகாட்டி ஒன்றிலிருந்து அப்படியே நகலெடுத்த பெயர். இப்போதெல்லாம் கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துப் பெயர் அமைகிறது. இந்தக் கணினியில் டபிள்யூஎல்பி2எஸ்0, அதாவது பிசிஐ பஸ் 2, ஸ்லாட் 0. ஒரு பழைய பெயருக்கு டிரைவர் பழி சுமந்திருக்கிறது.

திங்கள், இரவு 10.30

பெயர் திருந்தியது, கடைசி வரி மாறவில்லை. முந்தைய வரி மட்டும் புதிது: டிரைவர் மோடை அமைக்க முடியவில்லை. கார்டு ஏற்கெனவே நெட்வொர்க்மேனேஜர் கையில் இருந்தது. ஒரு கார்டுக்கு இரண்டு எஜமானர்கள் ஆகாது. பலரும் சொல்லும் வைத்தியம், என்எம்சிஎல்ஐ கட்டளையால் வைஃபையை அணைப்பது. அணைத்ததும் அது ஆர்எஃப்கில் பட்டியலில் ‘சாஃப்ட் பிளாக்டு’ என்று ஏறிவிடும். பூட்டை எடுக்காமல் ஹோஸ்ட்ஏபிடியை ஓடவிட்டால் மறுபடி அதே தோல்வி. அதைவிட, இந்த ஒரு கார்டை மட்டும் நிர்வகிக்க வேண்டாம் என்று நெட்வொர்க்மேனேஜரிடம் சொல்லிவிடுவது சுத்தமான வழி. ‘ஹார்டு பிளாக்டு’ என்று வந்தால் கட்டளை எதுவும் உதவாது. பழைய மடிக்கணினிகளின் விளிம்பில் உள்ள சிறிய சுவிட்சைத் தேட வேண்டியதுதான்.

செவ்வாய்

உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை இது. ஐடபிள்யூ லிஸ்ட் கட்டளை கார்டின் திறமைகளை நீளமாகக் கொட்டும். அதில் பார்க்க வேண்டியது ‘சப்போர்ட்டடு இன்டர்ஃபேஸ் மோட்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘ஏபி’ என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்பதைத்தான். இங்கே இருந்தது. இல்லாவிட்டால் அமைப்புக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. பிராட்காமின் மூடிய ‘டபிள்யூஎல்’ டிரைவர் இதற்குத் தெரிந்த உதாரணம்: வைஃபையில் சேர்ந்துகொள்ளும், தானே ஹாட்ஸ்பாட் ஆகாது. அதே நிறுவனம் 2010இல் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அது சில சில்லுகளுக்கு மட்டும். கார்டு எந்த டிரைவரில் ஓடுகிறது என்பதை எல்எஸ்பிசிஐ கட்டளை ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரியில் சொல்லிவிடும்.

புதன்

2.4 கிகாஹெர்ட்ஸில், சேனல் 6இல் ஹாட்ஸ்பாட் எழுந்தது. ஆசை விடவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 36 என்று மாற்றியதும் மறுப்பு: 5180 மெகாஹெர்ட்ஸ் ஏபி மோடுக்கு அனுமதி இல்லை, ‘நோ-ஐஆர்’. கார்டு அந்த அலைவரிசையில் முதலில் வாய் திறக்கக் கூடாது என்று பொருள். யாராவது பேசினால் பதில் சொல்லலாம். ஹாட்ஸ்பாட்டோ தானே முதலில் கூவி அழைக்க வேண்டியது. நாடு எது என்று தெரியாதபோது லினக்ஸ் ‘00’ என்ற உலகப் பொது விதியைப் பிடித்துக்கொள்ளும், அது இப்படித்தான் கட்டுப்படுத்தும். ஐடபிள்யூ ரெக் கட்டளையில் ‘ஐஎன்’ என்று இந்தியாவைக் குறித்தால் பல கார்டுகளில் தடை விலகும். இன்டெல் கார்டுகள் பலவற்றில் விலகாது. சுற்றியுள்ள ஆக்சஸ் பாயின்ட்களின் அறிவிப்புகளைக் கேட்டு, எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அவை தாமே முடிவு செய்கின்றன. அதை அணைக்க முன்பு ஒரு மாட்யூல் அளவுரு இருந்தது. பின்னால் வந்த கர்னல்களில் அது எடுக்கப்பட்டுவிட்டது. இந்தக் கார்டும் இன்டெல். சேனல் 6க்கே திரும்பியாயிற்று.

வியாழன்

கைபேசி சேர்கிறது, ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ரேடியோ தன் வேலையை முடித்துவிட்டது. முகவரி கொடுக்க வேண்டிய டிஎன்எஸ்மாஸ்க் எழவே இல்லை. போர்ட் 53ஐ சிஸ்டம்டி-ரிசால்வ்டு முன்பே பிடித்திருந்தது. டிஎன்எஸ்மாஸ்க்கை ஹாட்ஸ்பாட் கார்டோடு மட்டும் கட்டிப்போட்டதும் முகவரி வந்தது. இணையம் வரவில்லை. ஐபி ஃபார்வர்டிங் திறந்திருந்தது, மாஸ்கரேட் விதியும் இருந்தது. மீதி ஒன்றுதான்: இந்தக் கணினியில் டாக்கர் ஓடுகிறது. டாக்கர் ஃபார்வர்டு சங்கிலியின் இயல்பை ‘டிராப்’ என்று மாற்றிவிடும், ஹாட்ஸ்பாட் பொட்டலங்களும் அதில் விழுந்து மறையும். இரண்டு அனுமதி விதிகள் போதும். இவ்வளவு சுற்றல் வேண்டாதவர்கள் நெட்வொர்க்மேனேஜரின் சொந்த ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்தலாம், 10.42.0.1 என்ற முகவரியில் இதையெல்லாம் அதுவே அமைத்துக்கொள்கிறது.

சனி

கேபிள் இல்லாத நாள். ஒரே கார்டில் வைஃபையை வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கலாமா? ஐடபிள்யூ லிஸ்ட்டின் அடியில், எந்தெந்த மோடுகள் ஒன்றாக இயங்கும் என்ற வரியில் விடை இருக்கிறது: இரண்டும் சேர்ந்து ஓடலாம், ஆனால் சேனல் ஒன்றுதான். வீட்டு ரவுட்டர் சேனல் 11இல் இருந்தால் ஹாட்ஸ்பாட்டும் 11தான். ஒரே ரேடியோ நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் வேகம் இறங்கும். அதனால் யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் டிரைவர் கர்னலில் இல்லாதது. மூலநிரலை எடுத்துக் கையால் கம்பைல் செய்து ஏற்றியதும் ஓடியது.

செவ்வாய், அடுத்த வாரம்

கர்னல் புதுப்பிப்பு, கணினி மறுதொடக்கம், டாங்கிளைக் காணவில்லை. ஒரு வாரமாக வீண்பழி சுமந்த டிரைவர் இந்த முறை நிஜமாகவே இல்லை. கையால் ஏற்றிய மாட்யூல் பழைய கர்னலின் கோப்புறையில் கிடக்கிறது, புதிய கர்னல் தன் கோப்புறையில் தேடுகிறது. மூலநிரலை டிகேஎம்எஸ்ஸில் பதிந்து, புதிய கர்னலின் ஹெடர் பொதியையும் நிறுவினால், இனி ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதுவே கம்பைல் ஆகிவிடும். ஆனது. ஏற்றும்போது ‘கீ வாஸ் ரிஜெக்டடு’ என்றது. சனிக்கிழமை அணைந்திருந்த செக்யூர் பூட் இப்போது இயங்குகிறது; அது இயங்கும் கணினி கையொப்பம் இல்லாத மாட்யூலை உள்ளே விடாது. கையொப்பச் சாவியைப் பதிவு செய்ய மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’யைத் தேர்ந்தெடுத்து, முன்பே வைத்த கடவுச்சொல்லைத் தர வேண்டும். திரை சில நொடிகளே காத்திருக்கும். முதல் முறை தவறிவிட்டது. இரண்டாம் முறை ஹோஸ்ட்ஏபிடியின் கடைசி வரி ‘ஏபி-எனேபிள்டு’ என்று வந்தது, சற்று நேரத்தில் கைபேசியும் சேர்ந்துகொண்டது.