மாடி வாடகை வரலைன்னா..?

ஹவுஸ் ஓனர் என்றாலே நமக்கு வில்லன்தான். ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டுவார், ஃப்ரெண்ட் வந்தா முறைப்பார், தண்ணிக்கு ரேஷன் போடுவார். ரூம் எடுத்துப் படிக்கிற பசங்களைக் கேளுங்க, ஆளுக்குப் பத்துக் கதை சொல்வாங்க.

ஆனா, நான் ஓனர் கட்சி! உடனே பெரிய இடம்னு நினைச்சுடாதீங்க. திருச்சி உறையூர்ல கீழே நாங்க, மாடியில ஒரு சின்ன போர்ஷன். மொத்த சொத்தே அவ்வளவுதான்.

அப்பா இறந்த பிறகு மாசாமாசம் நிச்சயமா வரும் பணம் அந்த மாடி வாடகை 6,500 ரூபாய். என் செமஸ்டர் ஃபீஸ், கேஸ் சிலிண்டர், பாட்டியோட பி.பி. மாத்திரை எல்லாத்துக்கும் அதை நம்பித்தான் இருந்தோம். திடீர்னு ஒரு மாசம் அது வரலை. ‘அடுத்த வாரம் தர்றேன்க்கா’ என்றார் மாடி வீட்டு அண்ணன். ரெண்டாவது மாசமும் அதே டயலாக். மூணாவது மாசம், எங்களைப் பார்த்தாலே சத்தமில்லாமல் படியேற ஆரம்பித்தார்.

விஷயம் தெரிஞ்சதும் மாமா கொதிச்சுட்டார். “என்னக்கா நீ... மோட்டாரை ஆஃப் பண்ணு, ஃபியூஸைப் புடுங்கு. ரெண்டே நாள்ல பொட்டி கட்டிடுவான்!”

தெருவில் பாதிப் பேர் கொடுத்த ஐடியாவும் இதேதான். சட்டம் படிக்கும் என் சீனியர் அக்காவிடம் கேட்டேன். “அப்படி மட்டும் செஞ்சுடாதே. பணம் தராதது அவர் தப்பு. தண்ணி, கரன்டை நிறுத்தினா அது உங்க தப்பு. அவர் வாடகை அதிகாரிகிட்ட புகார் கொடுக்கலாம்” என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது, தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போ இல்லை. 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. அதன்படி நகரங்களில் வீடு வாடகைக்கு விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதியணும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கூடாது. ரெண்டு மாச வாடகை பாக்கி நின்றால், ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம்.

இதில் ஒரு நியாயம் பாருங்க. நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாசத்துக்குள் பாக்கியை வட்டியோடு கட்டிட்டால், அந்தக் காரணத்துக்காக அவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. கஷ்டத்தில் விழுந்தவனுக்கு எழுந்திரிக்க ஒரு சான்ஸ். அதே ஆள் ஒரு வருஷத்துக்குள் மறுபடி ரெண்டு மாசம் தொடர்ந்து தரலைன்னா, அந்தச் சலுகை கிடையாது.

நல்லவேளை, அம்மா ஒப்பந்தம் எழுதிப் பதிந்தும் வைத்திருந்தார். வாடகை வாங்கியதற்கெல்லாம் ரசீது இருந்தது. அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனோம். சத்தம் போடலை. “என்ன தம்பி பிரச்னை?” என்றுதான் அம்மா கேட்டார்.

அவர் வேலை பார்த்த வெல்டிங் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் ஆளைக் குறைத்துவிட்டார்களாம். வீட்டம்மாவுக்கே ஒரு மாசம் கழித்துத்தான் சொன்னாராம். “அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்கக்கா” என்றார். சொல்வது ஈஸி! அட்வான்ஸ் 19,500 ரூபாய் எப்பவோ மாடி ஒழுகலுக்குப் போயாச்சு. அதோட, மூணு மாச பாக்கியில் அது தீர்ந்துட்டா, அதுக்கப்புறம் உடைசலுக்கும் கரன்ட் பில்லுக்கும் யார் பொறுப்பு?

ஒரு மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மூணு மாச பாக்கி அட்வான்ஸில் கழியும். இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு, மாமனார் ஊருக்குக் குடி போகணும். அந்த மாச வாடகையை ரெண்டு தவணையில் தரணும். எல்லாத்தையும் ஒரு பேப்பரில் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு காப்பி.

சொன்னபடி காலி செய்தார். ரெண்டாவது தவணை பத்து நாள் லேட், ஆனா வந்துடுச்சு. அந்த செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மாவோட ஒரு வளையல் அடகுக்கடைக்குப் போனது தனிக்கதை. இன்னும் மீட்கலை.

கோர்ட், நோட்டீஸ் வரைக்கும் நாங்க போகலை. ஆனா போக வழி இருக்குன்னு தெரிந்ததால்தான் அம்மாவால் நிதானமா பேச முடிந்தது. வழி தெரியாதவங்கதான் ஃபியூஸ் மேல கை வைக்கிறாங்க.

உங்க வீட்டிலும் ஒரு போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தால், இந்த லீவில் ஒரு வேலை பண்ணுங்க. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கா, பதிஞ்சிருக்கா, ரசீது கொடுக்கறாங்களான்னு பாருங்க. முதல் மாசம் வாடகை நின்றதுமே போய்ப் பேசச் சொல்லுங்க, மூணு மாசம் சேரட்டும்னு விடாதீங்க.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்களே, உங்களுக்கும் ஒண்ணு. பணம் இல்லைன்னா ஒளியாதீங்க, நேரா போய்ச் சொல்லிடுங்க. கீழ் வீட்டிலும் யாரோ ஒருத்தர் ஃபீஸ் கட்டக் காத்திருக்கலாம்!