கோரை ஓரத்தைப் பாருங்கள்

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதற்கு மேற்கே தண்ணீர் தேங்கி, வண்டல் படிந்து, ஆறு பல இடங்களில் சதுப்பாகவே கிடக்கிறது. பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களின் கண் நடுத்தண்ணீருக்குத்தான் போகும். நீர்க்காகமும் புள்ளிமூக்கு வாத்தும் அங்கே எளிதாகத் தெரியும், எண்ணிவிட்டுக் கிளம்பிவிடலாம். ஆனால் இந்தச் சதுப்பின் உயிர் கரையோரத்துச் சம்பங்கோரையில்தான் இருக்கிறது.

விடியுமுன் போய், கிழக்கை முதுகுக்கு வைத்து உட்கார வேண்டும். வெளிச்சம் பறவைமேல் விழும், நம் கண்ணைக் கூசாது. அசையாமல் இருந்தால் கோரைக்குள் நடமாட்டம் தொடங்கிவிடும். நீலத் தாழைக்கோழி ஒரு தண்டைப் பிடுங்கி, நீண்ட விரல்களால் இறுக்கிப் பிடித்து, அடித்தண்டின் வெள்ளைக் குருத்தை மட்டும் கிழித்துத் தின்னும். மஞ்சள் குருகு ஆள் அரவம் கேட்டதும் அலகை வானத்துக்கு நிமிர்த்தி நின்றுவிடும். பக்கத்திலேயே இருந்தும் அதைக் காய்ந்த கோரை என்றே நினைப்போம்.

எனக்கு மிகப் பிடித்தது முக்குளிப்பான். அதன் கூடு தண்ணீரில் மிதக்கும் அழுகல் குப்பை மாதிரிதான் இருக்கும்; செடித்தண்டில் கோத்து நிற்பதால் அடித்துக்கொண்டு போகாது. ஆபத்து என்று தோன்றினால் தாய் உடனே முங்காது. அலகால் ஈரப்பாசியை இழுத்து, இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் என்று முட்டைகளை மூடிவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்கும். இட்டபோது வெள்ளையாக இருந்த முட்டை, பாசிச்சாறு ஏறி நாளடைவில் பழுப்பாகிவிடும். பொரிந்த குஞ்சுகள் பெற்றோரின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். இதைப் பார்த்தவர் யாரும் அந்தக் குப்பையைக் குப்பை என்று சொல்லமாட்டார்.

நீளவால் இலைக்கோழியிலோ ஆண்தான் அடைகாக்கிறது. மிதக்கும் இலைமேல் நான்கு முட்டை; பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும்.

கோரையில் இவ்வளவு உயிர் இருக்கிறது என்பதற்காக, தூர்வாருவதே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஆற்றை மூடுகிற அமலைச்செடியை அள்ளத்தான் வேண்டும். ஆனால் அதோடு சேர்த்துக் கரைக்கோரையையும் வழித்தெடுப்பது கொடுமை. உங்கள் ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ வேலை தொடங்குமுன், பறவை தெரிந்த ஒருவரோடு கரையைச் சுற்றி வாருங்கள். கூடு இருந்தால் குஞ்சு இறங்கும்வரை அந்தப் பக்கத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.