இருக்கன்குடிக்கு ஒரு சைக்கிள் பிரயாணம்

சைக்கிள் விடத் தெரியுமா உங்களுக்கு? "தெரியும், கல்யாணத்துக்கு முன்பு விட்டதோடு சரி" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பாதகமில்லை. நீச்சலும் சைக்கிளும் ஒரு தடவை வந்துவிட்டால் போகாது. விடுவதற்கு இடம்தான் இல்லாமல் போய்விட்டது. வாசலைத் தாண்டினால் பஸ், லாரி, ஆட்டோ, போதாக்குறைக்கு எதிர்த் திசையிலே மோட்டார் சைக்கிள்! புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சந்தடியில் புகுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

பிரான்ஸ் தேசத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய சாலைகளை மோட்டார்களுக்கு விட்டுவிட்டு, மலைச்சரிவுகளிலும் தோட்டங்களுக்கு நடுவிலும் போகும் சரளைக்கல் பாதைகளிலே சைக்கிளில் போகிறார்கள். ரயில் நின்றுபோன பழைய ரயில் பாதைகளில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டிருக்கிறார்கள். இந்தப் பித்தை அங்கே பரப்பியவர்களில் முக்கியமானவர் செயின்ட் எத்தியென் என்ற மலைநாட்டு நகரத்தைச் சேர்ந்த பால் தெ விவி (1853–1930). பசி எடுப்பதற்கு முன்பே சாப்பிடு, தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடி என்று சைக்கிள்காரர்களுக்கு உபதேசம் செய்தவர். மாமிசம் தொடமாட்டார். மலை ஏறுவதற்குச் சௌகரியமாகப் பல கியர்களை வைத்துப் பரீட்சை செய்து பார்த்தவர். அத்தனை மலைப் பாதைகளிலும் ஆபத்தில்லாமல் சுற்றிய மனிதர், கடைசியில் நகரத்துத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது டிராம் வண்டி மோதி இறந்துபோனார்.

பிரான்ஸ் இருக்கட்டும், நாம் சாத்தூருக்குப் போவோம். அங்கிருந்து கிழக்கே 8 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இருக்கன்குடி. மாரியம்மன் கோவிலுக்கு நீங்கள் ஏற்கனவே போயிருக்கலாம். பஸ்ஸிலே நசுங்கிக்கொண்டு போயிருப்பீர்கள். இந்தத் தடவை தார் ரோட்டை விட்டுவிட்டு, புஞ்சைகளுக்கு நடுவே கிளைத்துப் போகும் வண்டிப்பாதைகளில் போய்ப் பாருங்கள்.

சைக்கிளுக்கு எங்கே போவது? முன்பெல்லாம் வாடகை சைக்கிள் கடை இல்லாத தெரு கிடையாது. இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால், அந்தப் பக்கத்தில் உங்களுக்கு உறவுக்காரர் யாராவது இல்லாமலா இருப்பார்கள்? அவர்கள் வீட்டில் சர்க்கார் கொடுத்த சைக்கிள் ஒன்று அநேகமாகச் சுவரில் சாய்ந்திருக்கும். 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், பின்னால் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் என்று விரிந்தது. அந்த வீட்டுப் பெண்ணையும் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதை அவளுக்குத்தான் தெரியும்.

தாத்தாவின் பழைய கறுப்பு சைக்கிள் கிடைத்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். அதன் டயர் ஒன்றரை அங்குல அகலம். சரளைப் பாதைக்கென்றே இப்போது ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்களே, அந்த நாகரிக சைக்கிள்களின் டயரும் ஏறக்குறைய அதே அகலந்தான்! மெல்லிய டயர் கல்லில் துள்ளும், மண்ணில் புதையும். அகல டயரில் காற்றைச் சற்றே குறைத்துவிட்டால், கல்லை அணைத்துக்கொண்டு மெத்தென்று போகும். நம் தாத்தாக்கள் கப்பி ரோட்டிலும் வண்டித்தடத்திலும் போனவர்கள்; அதற்கு ஏற்ற வண்டியைத்தான் வைத்திருந்தார்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். ஊரைத் தாண்டியதும் ஹாரன் சத்தம் தேய்ந்து, டயருக்கடியில் சரளை நெரியும் சத்தம் கேட்கத் தொடங்கும். இரு புறமும் கரிசல். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மல்லி. மல்லிக்காட்டு ஓரமாகப் போகும்போது வாசனை சமையலறையை ஞாபகப்படுத்தினால் ஆச்சரியமில்லை. பிரான்ஸைப் போல மேடும் பள்ளமும் இங்கே கிடையாது. மலை வேண்டும் என்றால் திரும்பிப் பார்க்க வேண்டும். மேற்கே நீலக் கோடாகத் தெரிகிறது மேற்குத் தொடர்ச்சி மலை. நாம் பார்க்கப் போகும் ஆறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

அந்த நேரத்தில் எதிரே ஒரு வேன் வந்தால், பட்டாசு ஆலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேனாக இருக்கலாம். ஒதுங்கி வழி விடுங்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சன்குளம் ஆலை வெடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோன ஜில்லா இது. வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் சின்னச் சின்ன அறைகளைக் கண்டால், நிழலுக்கு என்றுகூட அருகே போக வேண்டாம்.

கரிசலின் குணம் ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் விடாப்பிடியாக ஒட்டும். மழை பெய்த மறுநாள் இந்தப் பக்கம் வந்தீர்களானால், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு வண்டி நகராது. அப்புறம் சைக்கிளில் நீங்கள் போவதற்குப் பதில், சைக்கிள் உங்கள் தோளில் வரும். மார்கழி, தை, மாசிதான் நல்ல மாதங்கள். இன்னொரு எதிரி சீமைக்கருவேல முள். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப் பம்பும் கட்டாயம் வேண்டும். டியூபை ஒட்டியவுடனே மாட்டிவிடாமல், டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் அடுத்த பர்லாங்கில் மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

கிராமத்துப் பெண்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூச்சமா? 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் கிராமத்து நர்ஸுகளும் கூட்டம் கூட்டமாக வந்து கற்றுக்கொண்டார்கள். கேலி இல்லாமலா இருந்தது? கேலியைக் கேட்டுக்கொண்டேதான் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு! 70,000 பெண்களுக்கு மேல் சைக்கிள் விட்டுக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் பஸ்ஸையோ வீட்டு ஆண்பிள்ளையையோ எதிர்பார்த்து நின்ற காத்திருப்பு அவர்களுக்குக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் கற்றுக்கொண்டது ஊர்ப் பொட்டலிலும் மண்பாதையிலுந்தான். விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், லாரி வராது. உங்களுக்கும் அந்தச் சலுகை இந்தப் பாதையில் உண்டு.

இதோ இருக்கன்குடி வந்துவிட்டது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடம். இரு கங்கைக்குடி என்பதே இருக்கன்குடியாக மருவியது என்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் ஆற்றில் மணல்தான். அங்கே இறங்கித் தள்ளுங்கள், சங்கிலியில் மணல் புகுந்தால் வண்டி முனகும். சாணம் பொறுக்க வந்த பெண் ஒருத்தி இங்கே கூடையை இறக்கி வைத்தாளாம். மறுபடி எடுக்கப் போனால் கூடை அசையவில்லையாம். அந்த இடத்தில்தான் அம்மன் இருப்பது தெரிய வந்தது என்பது ஊரார் சொல்லும் கதை. அவளும் இப்படி ஒரு புஞ்சைப் பாதையில்தானே வந்திருப்பாள்! கண் நோய் தீர வேண்டிக்கொண்டு வருபவர்கள் இங்கே அதிகம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு மட்டும் சைக்கிளோடு வந்துவிடாதீர்கள். அன்று பாதை முழுவதும் நடந்து வருகிறவர்களுடையது.

தரிசனம் ஆயிற்றா? மரநிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். வெயில் தாழ்ந்தபின் கிளம்பலாம். தை மாதமானால் காலையில் எதிரே வந்து மல்லுக்கட்டிய வாடைக்காற்று, திரும்பும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும். ஆனியிலும் ஆடியிலும் கதை தலைகீழ். போகும்போது உற்சாகமாகப் போய்விட்டு, வரும்போது மேல்காற்றோடு மல்லாட வேண்டும். சாத்தூரில் காராச்சேவு வாங்க மறக்காதீர்கள். இரண்டு பொட்டலமாக வாங்குங்கள். ஒன்று வீடு வந்து சேராது.