இருளில் ஒரு வளையம்

காத்திருப்பவனுக்கு ஓர் அடையாளம் வேண்டும். வங்கிகளில் ஒரு காலத்தில் பித்தளை டோக்கன் கொடுத்தார்கள். காசோலை உள்ளே போய்விட்டது, பணம் இன்னும் வெளியே வரவில்லை. இடைப்பட்ட நேரத்துக்கு ஸ்தூலமான சாட்சி அந்த வில்லை. கைபேசியில் அதன் வாரிசு, திரை நடுவே சுழலும் சிறு வளையம்.

2019-ல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டும் கைபேசி முழுமைக்குமான டார்க் மோடைக் கொண்டுவந்தன. சில செயலிகளில் பின்னணி மட்டும் கறுத்தது. வளையம், வெள்ளைத் திரைக்கென்று தேர்ந்த அடர்சாம்பலிலேயே நின்றுவிட்டது. 333333 என்று குறிக்கப்படும் சாம்பலுக்கு வெள்ளையின் மேல் ஒளி வேறுபாடு 12.6-க்கு 1. கூகுளின் மெட்டீரியல் டிசைன் இருள்திரைக்குப் பரிந்துரைத்த 121212 என்ற கறுப்பின் மேல் அதுவே 1.5-க்கு 1. இத்தகைய குறிகளுக்கு 2018-ன் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 விதிமுறை கேட்பது குறைந்தபட்சம் 3-க்கு 1. வளையம் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்கு அது இல்லை.

இதன் விளைவை நான் பார்ப்பது சென்னீர்குப்பத்தில், பூந்தமல்லி–ஆவடி சாலையோர வங்கிக் கிளையொன்றின் கவுண்டரில். இரவு ஷிஃப்ட் முடிந்து வாடகை அனுப்பிய ஒரு பெண்மணி மறுநாள் வந்தார். ரகசிய எண்ணைப் போட்டபின் திரை வெறும் கறுப்பாக நின்றிருக்கிறது. "ஒண்ணுமே நடக்கல சார், அதான் மறுபடி அனுப்பினேன்." இரண்டு வாடகை போயிருந்தது. மளிகைக்கு வைத்திருந்த பணம்.

யு.பி.ஐ.யில் ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவருக்குச் சேராத பணம் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ₹100 என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. இவருடைய இரண்டு பரிமாற்றங்களுமோ வெற்றி. விதியின் பார்வையில் குறையே நிகழவில்லை. வீட்டுக்காரர் அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம் என்றாராம். இந்த மாதம் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் படிவம் ஏதும் இல்லை.

மௌனத்தைப் பற்றி நாம் நிறையவே எழுதியாயிற்று. கவிதையில் வரி உடையும் இடம் மௌனத்துக்கு ஒரு விளிம்பு தருகிறது. அதனால்தான் வாசகன் அங்கே நிற்கிறான். விளிம்பற்ற மௌனத்தை யாரும் மௌனமாக வாசிப்பதில்லை, ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

பரிகாரம் பெரிய விஷயமில்லை. வளையத்தின் நிறத்தை நிலையான எண்ணாக எழுதாமல், 'பின்னணி மேல் தெரியும் நிறம்' என்று அதன் பங்கைக் குறித்து எழுதினால், திரை கறுக்கும்போது வளையம் வெளுக்கும். பக்கத்தில் தமிழில் ஒரு வரியும் வேண்டும்: பணம் போய்க்கொண்டிருக்கிறது, மறுபடி அனுப்பாதீர்கள்.